எலும்பு பொறுக்கியவர்களும் எலும்பைக் காட்டிய பிலிமும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற பேருந்தில் ஏறி ‘ஹெச்.பி.எஃப்.’ என்று டிக்கெட் கேட்டால், நடத்துநர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுப்பார். அந்த மூன்று எழுத்து இன்று ஒரு நிறுத்தத்தின் பெயர். அவலாஞ்சி, எமரால்டு பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசும்போது, அது எதற்கு வந்த பெயர் என்று நாம் கேட்பதுண்டு. “சினிமா பிலிம் செஞ்ச இடம்” என்பார்கள். பாதிதான் சரி. அங்கே ஓடியது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். சினிமா பிலிமும் போட்டோ பிலிமும் செய்தார்கள், உண்மைதான். ஆனால் நம்மைப் போன்றவர்கள் அதிகம் தொட்டுப் பார்த்த சரக்கு வேறு. அரசு மருத்துவமனையில் இருமல் என்று போய் நின்றால், நெஞ்சை ஒரு பலகையில் அழுத்தி மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுப்பார்களே, அந்த எக்ஸ்ரே பிலிம்.

நம் வீடுகளில் அந்தக் கறுப்புத் தாளைத் தூக்கிப் போட மாட்டார்கள். லைன் வீட்டுக் கூரை இடுக்கில் பெரிய காக்கி உறை ஒன்று செருகி இருக்கும். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். கிரகணத்தன்று பிள்ளைகள் அதை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடிப்பார்கள் (அது கண்ணைக் கெடுக்கும், செய்யக் கூடாது). அந்தத் தாள் எப்படி உண்டானது, அதைக் கண்டுபிடித்தது யார், அதைச் செய்த கைகள் யாருடையவை என்பதை இந்தப் பத்தியில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

இந்த மலைக்கு மருத்துவச் சரக்கு செய்வது புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1860-களில் வெள்ளையர் சிங்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அதன் பட்டையில் இருக்கிறது. பட்டையை உரித்தால் மரம் சாகும். தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மெக்ஐவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி வைத்தார். புதுப் பட்டை வளர்ந்தது, அதில் குயினைனும் கூடுதலாக இருந்தது. புத்தகங்கள் இதை மெக்ஐவரின் முறை என்கின்றன. மழையில் நின்று மரம் மரமாகப் பாசியைச் சுற்றிக் கட்டிய கூலிகளுக்குப் பெயர் இல்லை. சிங்கோனா தோட்டத்தில் வேலை வாங்க மலாயா பக்கத்திலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்த சிறைக்கட்டடம் மட்டும் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. பிறகு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி மருந்தை அங்கே ஆட்டு மூளையிலிருந்து செய்தார்கள். இந்த வரிசையில் மூன்றாவதாக வந்ததுதான் எக்ஸ்ரே பிலிம்.

நிறுவனம் பதிவானது 1960-ல். பிரான்ஸ் நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கினார்கள். 1967-ல் விற்பனைக்கான உற்பத்தி தொடங்கியது. சரக்குக்கு ‘இந்து’ என்று பெயர். தொழிலாளர் குடியிருப்பு வந்த இடத்துக்கும் இந்து நகர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சந்திரன் என்ற பொருளில் வரும் இந்து அது, மதம் அல்ல. பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் சொல்கிறோம்.

ஊட்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பிலிமுக்குத் தூசு ஆகாது, வெப்பம் ஆகாது, தண்ணீர் சுத்தமாகவும் நிறையவும் வேண்டும். மூன்றும் இங்கே இருந்தன. மின்சாரமும் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தது. கனடா நாட்டு உதவியோடு நடந்த குந்தா மின்திட்டத்தின் முதல் மின்நிலையங்கள் 1960 வாக்கில் ஓடத் தொடங்கின. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தவை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி நாடு முழுக்கச் செய்தியான அவலாஞ்சி மழையைத்தான் அந்த அணைகள் தேக்கி மின்சாரமாக்குகின்றன. அணைக்கு மண் சுமக்கவும் பாறை உடைக்கவும் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் குடும்பத்துக் கிழவிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

மாடு இல்லாமல் பிலிம் இல்லை

எக்ஸ்ரே கதிரை ஜெர்மனியின் ரான்ட்கன் கண்டது 1895 நவம்பரில். அதற்கு முன்பே போட்டோத் தகடு வந்துவிட்டது. வெள்ளியை அமிலத்தில் கரைத்து எடுக்கிற சில்வர் நைட்ரேட்டைப் பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்தால் நுண்ணிய படிகங்கள் உண்டாகும். வெளிச்சமோ எக்ஸ்ரே கதிரோ பட்ட படிகம், பிறகு மருந்துத் தண்ணீரில் போடும்போது கறுத்த வெள்ளியாக மாறும். எலும்பு கதிரைத் தடுப்பதால் அந்த இடம் வெளுப்பாக நிற்கும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். காசநோய் அரித்த இடம் அந்தக் கறுப்பில் வெண்திட்டாகத் தெரியும்.

இந்தப் படிகங்கள் தாளில் தானாக ஒட்டி நிற்காது. அவற்றைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். ஈரம் பட்டால் உப்பி மருந்தை உள்ளே விட வேண்டும், காய்ந்தால் கெட்டியாகிப் படத்தைக் காக்க வேண்டும். அப்படி ஒரு பொருளாக ஜெலட்டினைச் சொன்னவர் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1871-ல். அதற்கு முன் பயன்படுத்திய கொலோடியனில் ஈதர் வாடை உண்டு. அது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் மாற்றுத் தேடினார். அன்றிலிருந்து நூறாண்டுக்கு மேல் உலகத்தின் எந்த ஆய்வகத்தாலும் அந்த இடத்துக்கு ஜெலட்டினைவிட நல்ல பொருளைக் கொண்டுவர முடியவில்லை.

ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது? செத்த மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும். எலும்பை உடைத்து, கொழுப்பு நீக்கி, அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து மெத்தென்ற பொருள் மிஞ்சும். அதை வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் போட்டு, பிறகு வெந்நீரில் காய்ச்சி எடுப்பார்கள். மாத்திரைக் கடையில் வாங்கும் கேப்சூலின் கூடும் இதே பொருள்தான். இந்து நகரைத் தாண்டி அதே கூடலூர் சாலையில், சாண்டிநல்லாவில், மாட்டு எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் தொழிற்சாலை ஒன்று பல பத்தாண்டுகள் ஓடியது. ஒரே சாலையில் முதலில் பிலிம் கம்பெனி, அடுத்தது எலும்புக் கம்பெனி. இப்படி ஓர் ஏற்பாடு நாட்டில் வேறெங்கும் இருந்திருக்குமா என்று தோன்றும்.

அந்த எலும்பைச் சேர்த்தது யார்? இதைப் படிக்கிற நம்மில் பாதிப் பேருக்கு விடை வீட்டிலேயே இருக்கிறது. ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். தூக்கிப் போக வேண்டும், தோல் உரிக்க வேண்டும், கூலி என்று ஒன்றும் கிடையாது. மறுத்தால் ஊர்க் கட்டுப்பாடு. எலும்பு காட்டில் வெயிலில் காயும். பிறகு அதைப் பொறுக்கிக் கோணியில் கட்டி எலும்பு வியாபாரியிடம் எடை போடுவார்கள். அங்கிருந்து மில்லுக்குப் போகும், உரமாகும், நொறுக்கிய எலும்பாகக் கப்பல் ஏறும். வெள்ளையர் காலத்திலிருந்தே இந்திய எலும்பு ஐரோப்பிய ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்த நாட்டுப் பிலிமாக இருந்தாலும் அதில் ஒரு மாட்டின் எலும்பு உண்டு. இந்தியாவில் செத்த மாட்டைத் தொடுவது சாதியின் வேலையாக இருந்ததால், அந்த எலும்பில் நம் முன்னோர்களின் முதுகும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையான கதையும் இருக்கிறது. 1920-களில் கோடாக் கம்பெனிக்குப் பெரிய தலைவலி. ஒரு சிப்பம் ஜெலட்டினில் செய்த பிலிம் வெளிச்சத்தைச் சட்டென்று பிடித்தது, இன்னொரு சிப்பத்தில் செய்தது மந்தமாக இருந்தது. ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் தேடிப் பார்த்தார். நல்ல ஜெலட்டினில் கந்தகம் கலந்த ஒரு பொருள் மிக நுண்ணிய அளவில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? கடுகு வகைச் செடிகளை மேய்ந்த மாட்டிலிருந்து! மாடு எதைத் தின்றது என்பது பிலிமின் கூர்மையைத் தீர்மானித்திருக்கிறது. 1925-ல் இதை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகில் செய்த வேகமான பிலிம்கள் எல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை. மாட்டின் தோலைக் கைபட அறிந்தவர்களுக்கு, எந்த மேய்ச்சல் நிலத்து மாட்டின் தோல் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த அறிவை யாரும் வேதியியல் என்று எழுதிக்கொள்ளவில்லை. எழுதும் இடத்தில் அவர்களை விடவும் இல்லை.

1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று பேசினார். தொண்ணூறு ஆண்டு ஆகப் போகிற நேரத்தில், 2016 ஜூலையில், குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தார்கள் என்று நான்கு தலித் இளைஞர்களைக் காரில் கட்டி அடித்தார்கள். அதன் பிறகு அங்கே பலர் இனி இந்த வேலையைத் தொடமாட்டோம் என்று செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தொட்டாலும் அடி, தொடாவிட்டாலும் அடி. அந்த மாட்டிலிருந்து வரும் பொருளை மட்டும் எல்லோரும் மாத்திரையாக விழுங்கினார்கள், பிலிமாகத் தூக்கிப் பார்த்தார்கள்.

இருட்டறையில் நம் ஆட்கள்

ஹெச்.பி.எஃப். உள்ளே வேலை பெரும்பகுதி இருட்டில். வெள்ளிக் குழம்பைப் பிலிமில் பூசுவது, உலர்த்துவது, வெட்டுவது, உறையில் இடுவது எதற்கும் வெளிச்சம் கூடாது. மங்கிய பாதுகாப்பு விளக்கு மட்டும் எரியும். எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச வேண்டும். சினிமா பிலிமுக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கம் பூசினால் குறைந்த கதிரிலேயே படம் தெளிவாக விழும், நோயாளியின் உடம்புக்குப் போகும் கதிரும் குறையும். தடவிப் பார்த்தே பிலிமின் பக்கத்தையும் ஓரத்தையும் அறியும் பழக்கம் கைக்கு வர வேண்டும். ஒரு தூசு விழுந்தால் மருத்துவர் அதை நோய் என்று எண்ணக்கூடும்.

நாட்டில் பிலிமை அடியிலிருந்து முழுவதுமாகச் செய்த ஒரே நிறுவனம் அது. உச்சகாலத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வேலை செய்தார்கள். அது அரசு நிறுவனம் என்பதால் அங்கே இடஒதுக்கீடு இருந்தது. மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 12.5 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 1970-ல் 15 ஆனது, பழங்குடியினருக்கு 5 என்பது 7.5 ஆனது. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அந்த விதி வந்தது. நீலகிரியில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 32 விழுக்காடு, மூன்றில் ஒருவர். தேயிலைக்கு வந்தவர்கள், நகராட்சித் துப்புரவுக்கு வந்தவர்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இறங்கிய தாயகம் திரும்பியோர் என்று பல வழியில் வந்த மக்கள். பெரும்பாலோருக்குக் காணி நிலம் கிடையாது. தேயிலைக் கூடையும் துடைப்பமும் தவிர மூன்றாவதாக ஒரு வேலை உண்டு என்று காட்டிய சில வாசல்களில் இந்து நகர் வாசல் ஒன்று. அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னொன்று.

மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, குடியிருப்பு, பிள்ளைக்குப் பள்ளி. இவற்றோடு பலர் சொல்ல மறக்கிற ஒன்று கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்கச் சொல்ல 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வழி இருந்தது. ஊர்ப் பக்கம் டீக்கடையில் தனிக் கிளாஸ் இருந்த காலத்தில், ஒரே வரிசையில் தட்டேந்தி ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது இந்தக் கேன்டீன்கள்தான். அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பதவி உயர்வில், குடியிருப்பு ஒதுக்குவதில், சங்கத் தேர்தலில் சாதி எப்படி வேலை செய்யும் என்பது பொதுத்துறையில் இருந்த எவருக்கும் தெரியும். ஆனால் கேள்வி கேட்க ஒரு விதிப் புத்தகம் இருந்தது. எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கம் என்று ஒரு பலகை மாட்ட இடம் இருந்தது.

இந்தப் பிலிம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சென்னையின் ஏழை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து தின்றவர்களும், நெருக்கடியான வீட்டிலிருந்தே மருந்து தின்றவர்களும் ஒரே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. குணமாகிறதா என்று பார்க்க நெஞ்சை மீண்டும் மீண்டும் படம் எடுக்க வேண்டும். 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தபோது மாவட்ட மையங்களுக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது. அயல்நாட்டுப் பிலிமை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டிய காலம் அது. அப்போது உள்நாட்டில் ஒரு பிலிம் தொழிற்சாலை என்பது கல்லுடைப்பவன், பஞ்சாலைக்காரி, சாக்கடையில் இறங்குகிறவன் ஆகியோரின் நுரையீரலோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பிறகு ஏன் மூடியது? தொழிலாளிகள் சோம்பேறிகள், இடஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குத் திறமை இல்லை என்று இந்த மலையிலேயே பேசுகிறவர்கள் உண்டு. கணக்கு வேறு சொல்கிறது. பிலிமின் அடித்தளம் காலத்தோடு மாறிக்கொண்டே வந்தது. முதலில் கண்ணாடி. பிறகு நைட்ரேட் பிலிம், தீப்பிடித்தால் அணையாது. 1929 மே மாதம் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்ரே பிலிம் எரிந்து, அதன் நச்சுப் புகையில் 123 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கும் அசிடேட் பிலிம் கட்டாயம் போல் ஆனது. 1960-களில் பாலியஸ்டர் வந்தது. அது தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும், ஒன்றரை நிமிடத்தில் பிலிமைக் கழுவி வெளியே தள்ளும் தானியங்கி இயந்திரத்துக்கு ஏற்றது. ஹெச்.பி.எஃப். அசிடேட்டிலேயே நின்றுவிட்டது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தோடு பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் செய்யும் பெரிய ஆலைக்கு மேலே இருந்தவர்கள் முடிவெடுத்தது மிகவும் பிந்தி, அதுவும் கடனில். ஆலை எழும்புவதற்குள் 1991 வந்தது. இறக்குமதி வரி சரிந்தது. கோடாக், ஃபுஜி, ஆக்ஃபா பிலிம்கள் பெரிய உருளைகளாக வந்து, இங்கே வெட்டி உறையில் போட்டு விற்பனைக்குப் போயின. கடனுக்கு வட்டி ஏறியது. 1996-ல் நலிந்த நிறுவனம் என்றார்கள். 2003-ல் தொழில் நிதி மறுசீரமைப்பு வாரியம் மூடிவிடலாம் என்றது. வழக்கு, மேல்முறையீடு, பாதிச் சம்பளப் போராட்டம் என்று பத்தாண்டு இழுத்து, 2014-ல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்றது. இந்த முடிவுகளில் எதையும் இருட்டறையில் நின்றவர் எடுக்கவில்லை.

டிஜிட்டல் எக்ஸ்ரே எப்படியும் பிலிமை ஒழித்திருக்கும் என்பது உண்மை. ஆனால் கோடாக் சரிந்தபோதும் ஃபுஜி சரியவில்லை. ஃபுஜிதான் 1980-களின் தொடக்கத்திலேயே பிலிம் இல்லாத எக்ஸ்ரே முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி. பிலிமில் கற்ற ஜெலட்டின் அறிவைக் கொண்டு அது முகப்பூச்சும் மருந்தும் செய்யப் போனது. வெள்ளி, ஜெலட்டின், நுண்பூச்சு ஆகியவற்றில் முப்பது ஆண்டு கைப்பழக்கம் உள்ள ஆயிரக்கணக்கானோர் இந்து நகரிலும் இருந்தார்கள். அவர்களை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று ஆட்சியில் இருந்த எந்தக் கட்சியும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

பழைய எக்ஸ்ரே தாளுக்கு இன்றும் விலை உண்டு. பழைய பேப்பர், இரும்பு வாங்குகிறவர்கள் அதைக் கிலோ கணக்கில் எடுக்கிறார்கள். சூடான காரத்தில் போட்டால் ஜெலட்டின் கரையும், வெள்ளி அடியில் தங்கும். கையுறை இல்லாமல், காற்றோட்டம் இல்லாத அறைகளில் இதைச் செய்கிறவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள். எலும்பில் தொடங்கியது மீண்டும் பொறுக்குகிறவர் கைக்கே வந்திருக்கிறது.

இப்போது ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. படம் நேராகக் கணினியில் வருகிறது. அந்த அறையில் நிற்க ரேடியோகிராபர் வேண்டும், இயந்திரம் பழுதானால் பார்க்க மருத்துவக் கருவிப் பொறியாளர் வேண்டும். பிளஸ்டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர்கள் ரேடியோகிராபி பட்டப்படிப்புக்கும் பட்டயப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் தேர்வு முடிவு வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சி, குந்தா பக்கத்திலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் வேலை முடியாது, இரண்டு நாள் ஆகும். அதே மருத்துவமனையில் துப்புரவு, காவல், ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலைகள் எந்த நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் இருக்கின்றன, அதில் எத்தனை பேர், எந்தச் சமூகத்தினர், வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய்.